கம்பளியைப் பள்ளிச் செயல்திட்டமாக எடுப்பது எப்படி? கொறங்காட்டிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம் டீச்சர். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்பதற்காக உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாராபுரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் ‘இயற்கை வளங்களை வீணாக்காமல் பயன்படுத்துவது’ பற்றி ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். கருப்பொருள் கம்பளி. ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் நூல் வாங்கிப் பூ, பொம்மை, தோரணம் என்று செய்து கண்காட்சி வைக்கலாம் என்பது இப்போதைய யோசனை. நம் ஊர் வெயிலுக்கும் கம்பளிக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்பது உங்கள் தயக்கம்.

முதல் வேலையாக அந்த உல்லன் நூல் யோசனையைக் கைவிடுங்கள். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். பெட்ரோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் இழை அது. ஆட்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. இயற்கை வளம் என்று பலகை எழுதி, அதன் கீழே பிளாஸ்டிக் தோரணம் கட்டினால் பிள்ளைகளுக்கு நாமே தவறாகச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். 2016-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை சலவை இயந்திரத்தில் போட்டால் 7 லட்சத்துக்கும் அதிகமான நுண்ணிழைகள் தண்ணீரோடு போகக்கூடும் என்று அதில் கணக்கிட்டார்கள். இதை வேண்டுமானால் கண்காட்சியில் ஓர் ஓரமாக வையுங்கள். அந்த நூலுக்கு அதுதான் சரியான இடம்.

சரி, அப்படியென்றால் கம்பளிக்கு எங்கே போவது? உங்கள் பள்ளியைச் சுற்றியே போகலாம். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் இருக்கிற உங்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி, நகரத்துப் பள்ளிக்கூடம் எதற்கும் கிடையாது. கொறங்காடு உங்கள் கண் முன்னால் இருக்கிறது. மழை குறைந்த நிலத்தில், கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் சேர்த்து வைத்துத் தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு மேய்க்கும் ஏற்பாடு அது. இயற்கை வளத்தை அளவோடு பயன்படுத்துவதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வேலிக்குக் கம்பியும் இல்லை, சிமென்ட் தூணும் இல்லை. கிளுவைப் போத்தை வெட்டி நட்டு வளர்த்ததுதான் வேலி. கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஆழமாகப் போவதால் கோடையில் மேலே காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்குத் தளிர்த்துவிடும். புல் இல்லாத மாதங்களில் வெள்வேல மரத்திலிருந்து உதிரும் காயை ஆடு பொறுக்கித் தின்னும். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் புல் குட்டையானதும் பட்டியை அடுத்ததுக்கு மாற்றுவார்கள். எத்தனை ஆடு விட்டால் புல் தாங்கும் என்பது காட்டுக்காரருக்குக் கண்ணளவிலேயே தெரியும். அதை எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று பிள்ளைகள் அவரிடமே கேட்டு எழுதட்டும். திட்டத்தின் முதல் பக்கம் அதுவாகவே இருக்கலாம்.

அடுத்தது ஆடு. எல்லா ஆட்டிலும் கம்பளி வராது. இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்புவார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறி ஆடுகள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி கறிக்காக வளர்க்கும் இனங்கள். உங்கள் பக்கம் நிறையத் தெரியும் மேச்சேரி ஆட்டைப் பாருங்கள்: வெளிர் பழுப்பு நிறம், உடம்பை ஒட்டிய குட்டை முடி. அதை யாரும் கத்தரிப்பதில்லை. அதன் தோலுக்குத்தான் நல்ல பெயர். ரோமம் வேண்டுமென்றால் குரும்பை ஆட்டைத் தேடிப் போங்கள். கோயம்புத்தூர் இனம் என்று பதிவாகியிருப்பது இதுதான். வெள்ளை உடம்பில் கறுப்போ பழுப்போ திட்டுகள் இருக்கும். ரோமம் முரடாகவும் பிரி பிரியாகவும் இருக்கும். திருச்சி கருப்பு ஆட்டிலும் முரட்டு ரோமம் உண்டு. மெல்லிய ரோமத்துக்கு நம் மாநிலத்து இனம் நீலகிரி ஆடு ஒன்றுதான். உள்ளூர் ஆட்டோடு வெளிநாட்டு மெரினோ முதலிய இனங்கள் 19-ஆம் நூற்றாண்டில் கலந்து உருவானது அது. இப்போது எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குரும்பை ஆட்டுக்கு ரோமம் வளர்ந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். விட்டால் உண்ணி ஏறும், முள் ஒட்டும், வெயிலில் ஆடு திணறும். ஆனால் வெட்டிய முரட்டு ரோமத்துக்குக் கிடைக்கும் விலை வெட்டுக்கூலிக்கே கட்டுவதில்லை. அதனால் வேலி ஓரத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அல்லது கொளுத்திவிடுகிறார்கள். இது நம் ஊரோடு நிற்பதும் இல்லை. 2020-ல் கொரோனாவால் விலை விழுந்தபோது பிரிட்டனிலேயே சில விவசாயிகள் ரோமத்தை எரித்தார்கள், சிலர் குப்பையோடு மக்க வைத்தார்கள். நம் நாட்டிலோ சூட் தைக்கும் மெல்லிய கம்பளிக்கு ஆஸ்திரேலியாவை எதிர்பார்க்கிறோம், வேலி ஓரத்தில் கிடப்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் செயல்திட்டத்தின் உயிர் இங்கே இருக்கிறது. இந்த ஆடு கறிக்காகவும் எருவுக்காகவும் எப்படியும் மேயப் போகிறது. ரோமம் அதோடு சேர்ந்து வருவது. அதைப் பயன்படுத்த ஒரு பிடி புல்கூடக் கூடுதலாகத் தேவையில்லை. எப்படியும் கிடைக்கிற ஒன்றை வீணாக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்ற இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

ரோமம் வெட்டும் நாளில் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும். வீடியோ போதாது. ஆட்டின் காலைக் கட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்து, பெரிய கத்தரிக்கோலால் வயிற்றுப் பக்கமிருந்து முதுகை நோக்கி வெட்டிக்கொண்டே வருவார்கள். மெரினோ ஆட்டில் மொத்த ரோமமும் ஒரே போர்வையாக உரிந்து வரும். குரும்பையில் கொத்துக் கொத்தாக விழும். ஒரு கொத்தைக் கையில் எடுத்தால் நுனி வெயிலில் மஞ்சளித்திருக்கும். அடிப்பக்கம் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும். இடையில் கொழுக்கட்டைப் புல்லின் விதை, மண், புழுக்கைத் துகள் எல்லாம் ஒட்டியிருக்கும். தோளில் வெட்டியதையும் தொடையில் வெட்டியதையும் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடை ரோமம் இன்னும் முரடு. தரம் பிரிப்பது என்று பாடத்தில் ஒரு வரியாகப் படிப்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், ஆட்டு ரோமம் வழியாக மனிதருக்கு வரக்கூடியது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள். அதனால் உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் ஆட்டில் வெட்டிய ரோமம் மட்டுமே வேண்டும். செத்த ஆட்டிலிருந்தோ, தோல் மண்டியிலிருந்தோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மூட்டையிலிருந்தோ எடுக்கவே கூடாது. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, அந்தப் பட்டியில் நோய் எதுவும் இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகு போங்கள். கழுவாத ரோமத்தைத் தொடும்போது கையுறை, முகக்கவசம் இரண்டும் இருக்கட்டும். கையில் காயம் உள்ள பிள்ளையைப் பார்க்க மட்டும் விடுங்கள். முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கழுவுவதற்கு முன் எடை போடுங்கள், கழுவிக் காய்ந்த பிறகும் போடுங்கள். எவ்வளவு குறைகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அழுக்கில் மூன்று சங்கதி உண்டு: மண்ணும் புல்லும் ஒன்று, ஆட்டின் வியர்வை உப்பு இரண்டு, ரோமக் கொழுப்பு மூன்று. லானோலின் என்று உதட்டுக் களிம்பில் எழுதியிருப்பது இந்தக் கொழுப்புதான். மருந்துக் கடையில் விற்கும் வைட்டமின் டி3 மாத்திரைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து தயாராகின்றன. மெரினோவை ஒப்பிட்டால் நம் முரட்டு ரோமத்தில் கொழுப்பு குறைவு, அதனால் கழுவுவதும் சுலபம். முதலில் வெறும் தண்ணீரில் ஓரிரவு ஊற வையுங்கள். அந்தத் தண்ணீரில் வியர்வை உப்பு கரைந்திருக்கும், அதில் பொட்டாசியம் நிறைய உண்டு. சோப்பு சேராத அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், நன்றாக நீர் கலந்து தென்னைக்கோ வேம்புக்கோ ஊற்றுங்கள். வாடை வரும், பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள், பரவாயில்லை. அப்புறம் சோப்புக் கரைத்த வெந்நீரில் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. வெந்நீரிலிருந்து எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் போடவும் கூடாது.

ஏன் கூடாது என்பதுதான் நல்ல அறிவியல் பாடம். கம்பளி இழையின் மேல் ஓட்டு வீட்டுக் கூரையில் அடுக்கின ஓடு மாதிரி செதில்கள் இருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டு, தேய்ப்பும் சேர்ந்தால் ஓர் இழையின் செதில் இன்னொன்றின் செதிலில் மாட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது. கழுவும்போது வேண்டாம் என்று தடுத்த அதே காரியத்தை வேண்டுமென்றே செய்தால் நெய்யாமல், பின்னாமல் ஒரு துணி கிடைக்கும். ரோமத்தைக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒரு பாயில் சுருட்டி உருட்டச் சொல்லுங்கள். குரும்பை ரோமம் தடிமனாக இருப்பதால் மெரினோ போலச் சீக்கிரம் இறுகாது. நன்றாகப் பொறுமை வேண்டும். சின்ன டம்ளர் விரிப்பு அளவுக்கு ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாது.

நூற்பதற்குக் கையால் சுழற்றும் தக்களி போதும். ஒரு காலத்தில் ஆதாரக் கல்விப் பள்ளிகளில் பிள்ளைகள் தக்களியில் பஞ்சு நூற்றார்கள். ஊரில் பெரியவர்களைக் கேட்டால் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இன்னும் ஒன்று வைத்திருக்கக்கூடும். இல்லாவிட்டால் மூங்கில் குச்சியும் அடியில் ஒரு மரவட்டும் வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். பஞ்சைவிடக் கம்பளி இழை நீளம் என்பதால் புதிதாகக் கற்கும் கைக்கு இதுவே சுலபம். நூல் முண்டும் முடிச்சுமாகத்தான் வரும், அதை அப்படியே கண்காட்சியில் வையுங்கள். கம்பளி நெய்த பெரியவர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் அவரை அழைத்து வந்து உட்கார வையுங்கள். தக்காணத்தில் ஆடு மேய்க்கும் சமூகமான குருபர்கள் நெய்யும் கம்பளிக்குப் பாவு நூலில் புளியங்கொட்டைப் பசை போடுவார்கள். கறிக்காகக் குட்டைமுடி இனங்கள் பெருகப் பெருக அங்கேயும் கறுப்புத் தக்காண ஆடு குறைந்து, நெசவும் குறைந்து வருகிறது. உங்கள் பக்கம் குரும்பை போய் மேச்சேரி வந்த கதையும் ஏறக்குறைய அதுவே. அதைத் தாத்தா பாட்டிகளிடம் பிள்ளைகளே கேட்டுப் பதிவு செய்யலாம்.

வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்ற கேள்விக்கு ஓர் ஐஸ்கட்டி பதில் சொல்லும். ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ்கட்டிகளில் ஒன்றைக் கம்பளியில் சுற்றுங்கள், மற்றதைச் சும்மா தட்டில் வையுங்கள். எது முதலில் கரையும் என்று முன்னதாகக் கை தூக்கச் சொன்னால், கம்பளி சூடு தரும் என்று நம்பிப் பாதி வகுப்பு தவறான பக்கம் தூக்கும். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்து, சூடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அப்புறம் ஈரம். தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாத இழை இது. ஆடு மேய்ப்பவர்கள் மழையில் கம்பளியைத் தலையில் மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றதற்குக் காரணம் அது. பனியைவிட மழையும் காற்றும்தான் நம் மேய்ச்சல்காரர்களுக்கு உண்மையான பகை.

அக்ரிலிக்கையும் கம்பளியையும் பிரித்தறியும் சோதனைகளை நீங்கள் செய்து காட்டுங்கள், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். திறந்த வெளியில் ஓரிரு இழை மட்டும் இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் போதும், இரண்டின் புகையும் நல்லதல்ல. கம்பளி முடி கருகும் வாடையோடு மெதுவாக எரியும், தீயை எடுத்தால் அணைந்துவிடும், மிஞ்சியதை விரலால் பொடிக்கலாம். அக்ரிலிக் உருகி, கரும்புகை விட்டு, கெட்டியான மணியாக நிற்கும். இன்னொன்று, துணி வெளுக்கும் பிளீச்சில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் இரண்டையும் போட்டால் கம்பளி குமிழி விட்டுக் கரைந்து காணாமல் போகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும். கம்பளி நம் முடியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். அதனால்தான் இந்தக் கரைசல் அதைத் தின்கிறது.

இதே காரணத்தால்தான் மண்ணும் அதைத் தின்னும். பள்ளி ஆண்டு தொடங்கியதும் ஒரே அளவில் ஒரு கம்பளித் துண்டையும் ஓர் அக்ரிலிக் துண்டையும் தோட்டத்தில் புதைத்து அடையாளக் குச்சி நட்டுவிடுங்கள். 2014-ல் இப்போதைய பிரிட்டன் மன்னர் சார்லஸ், இளவரசராக இருந்தபோது, லண்டன் கிளாரன்ஸ் ஹவுஸ் தோட்டத்தில் கம்பளியில் ஒன்றும் செயற்கை இழையில் ஒன்றுமாக இரண்டு ஸ்வெட்டர்களை இப்படித்தான் புதைத்தார். தோண்டிப் பார்த்தபோது கம்பளி மக்கியிருந்தது, மற்றது அப்படியே இருந்தது. நம் சூட்டுக்கு இன்னும் வேகமாகவே நடக்கும். ஆனால் மண் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் எதுவும் நடக்காது, ஆகவே வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒரு குழுவிடம் கொடுங்கள்.

சாயம் போட ஆசை இருந்தால் கடைச் சாயம் வேண்டாம். 100 கிராம் கம்பளிக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் படிகாரம். அதைக் கரைத்த தண்ணீரில் கம்பளியை மெதுவாகச் சூடாக்கி, கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆற விடுங்கள். ஆயுத பூஜை முடிந்து குப்பைக்குப் போகும் செண்டுமல்லி நல்ல மஞ்சள் தரும், சத்துணவுக் கூடத்து வெங்காயத் தோல் பொன் நிறம் தரும். கடுக்காயும் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரும் சேர்ந்தால் சாம்பல் கறுப்பு. அடுப்புகூட வேண்டியதில்லை. கண்ணாடி பாட்டிலில் சாயப் பொருளும் கம்பளியும் தண்ணீரும் போட்டு மூடி மொட்டை மாடியில் ஒரு வாரம் வைத்தால் தாராபுரத்து வெயில் பார்த்துக்கொள்ளும்.

நூலுக்கும் ஆகாத குட்டை, அழுக்கு ரோமம் நிறைய மிஞ்சும். என்னைக் கேட்டால் திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இங்கேதான் இருக்கிறது. கம்பளியில் எடைக்கு ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன், மெதுவாக மக்கி மெதுவாகச் செடிக்குப் போகும். ஒரே மாதிரி இரண்டு தொட்டி, ஒரே மண், ஒரே செடி. ஒன்றில் ரோமத்தை மூடாக்காகப் போட்டு மேலே லேசாக மண் தூவுங்கள், இல்லாவிட்டால் நாய் இழுத்துப்போகும். கொழுப்பு இருப்பதால் புது ரோமம் முதலில் தண்ணீரைத் தள்ளும், ஊற வைத்தே போடுங்கள். பிறகு தினமும் காலையில் இரண்டு தொட்டியையும் எடை போட்டு எழுதினால், எவ்வளவு தண்ணீர் ஆவியாகாமல் மிச்சமாகிறது என்று கிராம் கணக்கில் தெரியும். ‘ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்’ என்று பழமொழி சொல்லும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, ஆட்டை இரவில் வயலில் அடைத்து எருவாக்கும் கிடை போடுவதன் அருமை தெரியும். ரோமமும் அதே நிலத்துக்குத் திரும்ப முடியும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். இயற்கையிலிருந்து வந்தது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. ஆடு மீத்தேன் விடுகிறது, அளவுக்கு மேல் மேய்ந்தால் நிலம் வெறுமையாகிவிடும். மங்கோலியாவில் காஷ்மீர் இழைக்குக் கிராக்கி ஏறியபோது வெள்ளாடுகள் பெருகி மேய்ச்சல் நிலம் சீரழிந்தது. இழைக்காகவே மந்தையைப் பெருக்குவது வேறு, இருக்கிற மந்தையின் ரோமத்தை வீணாக்காமல் இருப்பது வேறு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். ஒரு விவாதமே வைக்கலாம்.

சுற்றுலாவுக்குப் பணம் இருந்தால் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போங்கள். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் அங்கே இருக்கிறது. மெல்லிய ரோமம் தரும் பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கலாம். குரும்பை ரோமம் ஒரு கொத்தைக் கழுவி எடுத்துப்போனால் பிள்ளைகள் அங்கே இரண்டையும் தொட்டு ஒப்பிடுவார்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை ரோமம் வெட்டுவார்கள். மாதம் பட்டிக்குப் பட்டி மாறும். அதனால் கண்காட்சித் தேதியை முடிவு செய்யும் முன் குரும்பை வைத்திருக்கும் ஆட்டுக்காரர் ஒருவரைப் பார்த்து, அடுத்த வெட்டு எப்போது என்று கேட்டுவிடுங்கள். கழுவிக் காயவைக்க ஒரு வாரம், சாயத்துக்கு ஒரு வாரம், நூற்பதற்கும் உருட்டுவதற்கும் ஒரு மாதம் என்று அங்கிருந்து கணக்குப் போடலாம். ரோமத்துக்கு அவர் காசு வேண்டாம் என்றுதான் சொல்வார். ஆனாலும் வெட்டுக்கூலியில் ஒரு பங்கையாவது பள்ளி கொடுக்கட்டும், அதையும் பிள்ளைகள் செலவுக் கணக்கில் எழுதட்டும்.